எந்த நிலத்துக்கும் என்றால் எவர் நிலத்துக்கும் என்று அர்த்தமா?

கையெழுத்தை எங்கள் ஊரில் 'ஒப்பு' என்பார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது குலசேகரத்தை. பிறந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழியில் படித்ததும், 1972-ல் எல்.டி.சி.யாக அரசு வேலைக்குச் சேர்ந்து 2011-ல் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றதும் அங்கேதான். மனைவிக்குப் பங்காக வந்த 80 சென்ட் ரப்பர்த் தோட்டமும் ஓர் ஓட்டு வீடும் இங்கே சும்மா கிடந்தன. வந்தோம். 14 வருடம் ஆகிவிட்டது. புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. எனக்கு இரண்டு ஊருக்கும் ஒரே தேதிதான், ஆகவே அந்நியம் தோன்றவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் மச்சினரின் பேரன் வந்தான். வயது 20. நல்ல பையன். கடைக்குப் போய்வருவது, கரன்ட் பில் கட்டுவது எல்லாம் அவன்தான். "பாட்டா, ஒரு ஒப்பு வேணும்" என்றான். டர்ட் பைக் வாங்கக் கடனாம். ஜாமீன்தாரராக ஒரு பென்ஷன்காரர் கையெழுத்துப் போட்டால் கடன் சீக்கிரம் கிடைக்குமாம். காகிதங்களை வரிசையாக அடுக்கி, நான் ஒப்பு போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஆபீசில் என்னிடம் வேலை பார்த்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கோப்பு வைத்ததில்லை.

நான் போடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் காப்பியில் சர்க்கரை குறைவு. மச்சினர் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார். "புதுச்சேரிக்காரருக்குக் கை கொஞ்சம் இறுக்கமாக்கும்" என்று கோயில் நடையில் பேச்சு. பணம் காரணமில்லை. காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல 74 வயதில் தொண்டைக்குத் தெம்பில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கோப்பில் குறிப்பு எழுதுகிற பழக்கம் எப்படியும் போகாது.

சுருக்கம் முதலிலேயே: ரப்பர்த் தோட்டத்து வழியிலும் மலைச்சரிவிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது விளையாட்டு இல்லை, அடுத்தவன் நிலத்தைத் தின்பது. அந்த ஆசை வந்த பிள்ளைகளுக்குச் சரியான வண்டி மின்சார மலைச் சைக்கிள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் பால் வெட்டுவது ஒரு அம்மாள். என்னைவிடப் பத்து வயது இளையவர். காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருவார். முந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டுவார். ஒன்பது மணிக்குமேல் சிரட்டை சிரட்டையாகப் பாலைச் சேர்த்து, இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு இடவழியில் இறங்கி வருவார். இந்த இடவழியைப் பார்க்காதவர்களுக்கு: இரண்டு பக்கமும் கய்யாலை, நடுவில் ஓர் ஆளும் ஒரு மாடும் போகிற அகலம். அந்த வழியில் மேலிருந்து ஐந்து டர்ட் பைக்குகள் வந்தன. ஒதுங்க இடமில்லை. கய்யாலை மேல் காலை வைத்து ஏறப் பார்த்தார், கல் சரிந்தது, விழுந்தார்.

பையன்கள் நின்றார்கள், அதை மறைக்கக் கூடாது. இறங்கித் தூக்கிவிட்டார்கள். ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். 500 ரூபாயும் நீட்டினார்கள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் சொன்னது இது: "கை சரியாவும் சாறே. இன்னைக்குப் பாலு போச்சுல்லா."

தரையில் கொட்டிய ரப்பர்ப் பாலை அள்ள முடியாது. பசும்பால் கொட்டினால் பூனையாவது குடிக்கும். இது மண்ணோடு உறைந்து போகும். ஒரு நாள் உழைப்பு. ஆறு வாரம் ஒரு கையால் பால் வெட்ட முடியுமா? அந்த ஆறு வாரத்துக்கான தொகையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அன்று இரவு பேரன் வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் கழித்து, "பாட்டா, மூணாவது வண்டியில பின்னால இருந்தது நானாக்கும்" என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். அதனால்தான் அவனை இன்னமும் நல்ல பையன் என்று எழுதுகிறேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி வண்டிக்கு என்னிடமே ஒப்பு கேட்டு வந்தானே, ஆசை அப்படிப்பட்டது. அந்த ஆசையோடுதான் எனக்கு வாதம், பையனோடு இல்லை.

இனி நிலத்தைப் பற்றி. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு: இடவப்பாதியும் துலா மழையும். சரிவில் இருக்கிற மண்ணைப் படிப்படியாக வெட்டி, கய்யாலை கட்டி, நிறுத்தி வைத்திருப்பது நாலைந்து தலைமுறையின் வேலை. முரட்டுப் பற்கள் உள்ள டயர் ஈர மண்ணில் ஒரே இடத்தில் சுற்றினால் ஒரு சால் விழும். பத்து வண்டி அதே சாலில் ஏறினால் அது ஓடை. அடுத்த மழையில் தண்ணீர் அந்த ஓடையைத் தன் வழி என்று எடுத்துக்கொள்ளும். கய்யாலை அடியோடு பிடுங்கிக்கொண்டு கீழ்த்தட்டில் விழும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலில் எங்கள் தோட்டத்திலேயே 40 மரம் சாய்ந்தது. புதுக் கன்று வைத்தால் பால் வெட்ட ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வந்த மரங்களின் வேருக்கடியில் இப்போது மண் இல்லை. புயலை யாரும் ஜாமீன் போட்டுக் கடனில் வாங்கி வரவில்லை. வண்டி அப்படி இல்லையே.

கணக்கு எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் டர்ட் பைக் ஆசைக்கு முதல் படியாகப் பலர் வாங்குவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200; 2019-ல் வந்தது. எடை 150 கிலோவுக்கு மேல். எஞ்சின் சக்தி சுமார் 14,000 வாட். சாதாரண ஆரோக்கியமுள்ள மனிதன் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் கொடுக்கக்கூடியது சுமார் 100 வாட். அதாவது அந்த வண்டியில் ஒரு பையன் ஏறி முறுக்கினால், பின்னால் 140 ஆள் நின்று தள்ளுகிறார்கள் என்று பொருள். ஓர் ஆளும் ஒரு மாடும் போகிற இடவழியில் 140 ஆள்!

மின்சார மலைச் சைக்கிளில் மோட்டார் 250 வாட். பின்னால் இரண்டரை ஆள் தள்ளுகிறார்கள். எடை 20-லிருந்து 25 கிலோ. 65 கிலோ பையன் ஒருவன் டர்ட் பைக்கில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிறான், அதே பையன் மின்சைக்கிளில் 20-ல் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதினால் முதலாவதில் இருக்கிற சக்தி இரண்டாவதைப் போல சுமார் பத்து மடங்கு. வாளி தூக்கி வருகிற அம்மாளுக்கு இந்தப் பத்து மடங்குதான் விஷயம்.

மண்ணுக்கும் இதே கதைதான். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 2015-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சாதா மலைச் சைக்கிள், மின் உதவி உள்ள மலைச் சைக்கிள், மோட்டார் சைக்கிள் மூன்றையும் பாதையில் ஓட்டி, மண் எவ்வளவு இடம் பெயர்கிறது என்று அளந்து பார்த்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் முடிவு தெளிவு: இரண்டு சைக்கிளுக்கும் பெரிய வித்தியாசமில்லை, மோட்டார் சைக்கிள் மட்டும் தனியாக, மிக அதிகமாகப் பெயர்த்தது.

இங்கே ஒரு பழைய ஞாபகம். 1960-களில் புதுச்சேரியில் எங்களுக்குக் கணக்கு நடத்திய முசே ஒரு சொலெக்ஸ் வைத்திருந்தார். பிரெஞ்சு நாட்டு வண்டி. 1946-லிருந்து 1988 வரை பிரான்சில் 70 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பார்ப்பதற்குக் கறுப்புச் சைக்கிள். முன்சக்கரத்தின் மேல் ஒரு தேங்காய் அளவு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். ஓர் உருளை டயரை அழுத்திச் சுற்றும், அவ்வளவுதான் யந்திரம். முசே பள்ளி வளைவு வந்ததும் ஒரு நெம்பைத் தூக்குவார். எஞ்சின் டயரை விட்டு விலகும். மீதி தூரத்தை மிதித்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வருவார். ஏன் முசே என்று ஒரு தடவை கேட்டேன். உள்ளே சின்னப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், அவர்களிடம் என் எஞ்சினுக்கு என்ன வேலை என்றார். அறுபது வருடமாக அந்தப் பதில் மனசில் இருக்கிறது. எஞ்சினைத் தேவைப்பட்டால் வைத்துக்கொள், தேவைப்படாத இடத்தில் தூக்கிவிடு. மின்சைக்கிள் என்பது சொலெக்ஸின் பேரப்பிள்ளை. தாத்தாவின் புகையும் சத்தமும் இல்லாத பிள்ளை.

மலைச் சைக்கிளுக்குப் பிரெஞ்சில் 'வெலோ தூ-தெரேன்' என்று பெயர். எந்த நிலத்துக்குமான சைக்கிள். டர்ட் பைக் விளம்பரங்களிலும் இதே வாசனைதான் அடிக்கிறது: எங்கும் போ, எதையும் தாண்டு. எந்த நிலத்துக்கும் ஆன வண்டி என்றால் எவர் நிலத்துக்குள்ளும் போகலாம் என்றா அர்த்தம்? பிரெஞ்சுக்காரன் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதிவிட்டான். 1991 ஜனவரி 3-ம் தேதிச் சட்டம். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ப்ரிஸ் லலோந்த் பெயரால் அழைக்கப்படுவது. பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த சாலையை விட்டு இயற்கை நிலத்துக்குள் மோட்டார் வண்டி பொழுதுபோக்காகப் போகக் கூடாது. ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் அதற்கென்று ஒதுக்கிய மைதானத்தில் ஓட்டு. ஆனால் 250 வாட்டுக்கு மிகாமல், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடுகிற சைக்கிள் அங்கே சைக்கிள் கணக்கு. மோட்டார் கணக்கில் வராது.

நம் நாட்டிலும் அதே இரண்டு எண்கள்தான். மோட்டார் வாகன விதிப்படி 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்சைக்கிளுக்குப் பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். சரிவில் சட்டம் பிடித்துக்கொள்ளாது.

"அதெல்லாம் கிழவன்மாரு ஓட்டுகதாக்கும் பாட்டா" என்றான் பேரன். அவனுக்கு நான் சொன்னது: உலக மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டியில் 2019 முதல் மின்சைக்கிளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கனடாவில் மோன்-சேந்தான் மலையில் முதல் பட்டம் வாங்கியவர் தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹாதர்லி. அப்போது அவருக்கு வயது 23. கிழவரா? தூரத்துக் கனடா வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் பொன்முடி இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கே மெர்ச்சிஸ்டன் தேயிலைத் தோட்டத்தில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் வந்து, வகுத்து வைத்த பாதையில், பாறையும் வேரும் தாண்டி ஓட்டினார்கள். மோட்டார்கூட இல்லாமல்! நம் ஊர் மாதிரியே ஈரம், நம் ஊர் மாதிரியே சரிவு. த்ரில் வேண்டும் என்கிறாயே, அவர்களுக்கு அது குறைந்துவிட்டதா?

நானும் ஓட்டிப் பார்த்தேன். பேரனின் சிநேகிதன் ஒருவன் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். அவனிடம் ஒரு மின்சார மலைச் சைக்கிள் உண்டு. இரண்டு நாளைக்குக் கொடுத்தான். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற சரிவில் 14 வருடமாக நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். அன்று இறங்கவில்லை. மிதித்தால்தான் மோட்டார் வருகிறது. நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. ஆளை முதுகில் தூக்கிக்கொண்டு போகவில்லை. தோளைத் தாங்கிப் பிடித்துக் கூட வருகிறது. வீட்டு முற்றத்தில் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சு வலிக்கவில்லை. மனைவி பார்த்துவிட்டு, "இந்த வயசில இதென்ன கூத்து" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். தணிக்கைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கோப்பை மூடுகிறவன் நானில்லை.

முதலாவது, வேகம் போதாது. 25 கிலோமீட்டரில் நிற்பது மோட்டாரின் உதவிதான். இறக்கத்தில் பூமி இழுப்பதற்கு எந்த விதியும் கட்டுப்பாடு வைக்கவில்லை. பிரேக்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினால், 40-ல் போகிற டர்ட் பைக்கில் தெரியாத ஒவ்வொரு வேரும் கைக்குத் தெரியும். பயமும் அதிகம், சந்தோஷமும் அதிகம். முறுக்கினால் வருகிற வீரத்தில் பாதி பெட்ரோலுடையது.

இரண்டாவது, விலை. இதில் எதிர்க்கட்சிக்குப் பாதி நியாயம் உண்டு. சக்கரத்தின் நடுவில் இல்லாமல் பெடலோடு சேர்ந்து மோட்டார் இருக்கிற உயர்ந்த வகை மலைச் சைக்கிள்கள் வெளிநாட்டுச் சரக்கு. லட்சங்களில் போகும். ஆனால் பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த உள்நாட்டு வண்டிகள் இருக்கின்றன. ஹீரோ லெக்ட்ரோ, புனேயின் ஈ-மோட்டராட், 1949-ல் தொடங்கிய நம் சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் எல்லாம் விற்கிறார்கள். டர்ட் பைக் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்று கிடைக்கும். பெரிய பாறையிலிருந்து குதிக்க அது ஆகாது. நீண்ட செங்குத்து ஏற்றத்தில் மோட்டார் சூடேறும். நடுவில் நிறுத்தி ஆற விட வேண்டும். பால் வெட்டுகிறவர்கள்கூட நடுவில் நின்று ஒரு வெற்றிலை போடுகிறார்கள். நீயும் நில்.

மூன்றாவது, பேட்டரி. 500 வாட்-மணி பேட்டரி என்றால் அரை யூனிட் மின்சாரம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தருகிற மாநிலத்தில் அரை யூனிட்டைப் பற்றி அழக் கூடாது. நாலைந்து வருடத்தில் பேட்டரி தளரும், மாற்றச் செலவு உண்டு, பழையதைக் குப்பையில் எறியவும் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பில்லை நாலைந்து வருடம் சேர்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசுவோம்.

நான்காவது, சுத்தச் சைக்கிள்காரர்கள். மோட்டார் வைத்தால் அது ஏமாற்று என்பார்கள். நான் பரிசுக்கு ஓடவில்லை. யாரை ஏமாற்றுகிறேன்? அப்பாவின் பைக்கில் சாவி போடப் போகிற பையனைச் சைக்கிள் பக்கம் திருப்புவதற்கு 250 வாட் லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுப்பேன். என் 39 வருட சர்வீசில் நான் ஆதரித்த ஒரே லஞ்சம் இதுதான்.

ஐந்தாவதுதான் எனக்கே பயமுள்ள கேள்வி. சத்தமில்லாத வண்டி கொடுத்தால் பையன்கள் இன்னும் உள்ளே, காட்டுக்குள் போய்விட மாட்டார்களா? பேச்சிப்பாறைக்கு மேலே, கீரிப்பாறைக்கு அப்பால் இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். நடந்து போனாலும் குற்றம், டர்ட் பைக்கும் குற்றம், மின்சைக்கிளும் குற்றம். சத்தமில்லாத வண்டியில் அங்கே போவது இன்னும் மடத்தனம். வளைவில் யானை நின்றால் அதற்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நான் சைக்கிளுக்கு வக்காலத்து வாங்குவது ஊருக்குள் இருக்கிற பொது வழிகளுக்காக, அணைக்கட்டு ரோட்டுக்காக, கால்வாய்க்கரைக்காக, உடமஸ்தன் சம்மதித்த தோட்டத்துக்காக. காட்டுக்காக இல்லை. இடவழியிலும் ஆள் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். 23 கிலோவைத் தள்ளலாம். 150 கிலோவைத் தள்ள மாட்டார்கள், அதனால்தான் நிறுத்தவும் மாட்டார்கள்.

டர்ட் பைக்கே கூடாது என்றும் சொல்லவில்லை. அது ஒரு மரியாதையான விளையாட்டு. ஓசூரின் டி.வி.எஸ். பந்தய அணி 1982 முதல் இருக்கிறது. பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் ராலியில் ஓடிய முதல் இந்தியர். இவர்கள் எல்லாம் வகுத்த தடத்தில், டாக்டரும் கொடிக்காரனும் நிற்க ஓட்டியவர்கள். யாருடைய வாளியும் குறுக்கே வராத இடம் அது. அப்படி ஒரு தடம் நம் பக்கம் வேண்டும் என்று பையன்கள் மனு எழுதட்டும். முதல் ஒப்பு நான் போடுகிறேன். வரைவும் நானே எழுதித் தருகிறேன், அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

இனி மற்றப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. அந்த அம்மாள் விழுந்த வாரம் தோட்டக்காரர்கள் கூடினோம். வழியின் குறுக்கே கம்பி கட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நெஞ்சு உயரத்துக்குக் கட்டினால் ஒரே நாளில் பாடம் படிப்பார்கள் என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்து, அந்தக் கம்பி நெஞ்சு உயரத்தில் நிற்காது ஐயா, கழுத்து உயரத்தில் நிற்கும் என்றேன். மூன்றாவது வண்டியில் என் வீட்டுப் பிள்ளை இருந்தான் என்றும் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளை நாலாவது வண்டியில் இருந்தானா என்று போய்க் கேளுங்கள் என்றேன். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருந்திருக்கிறான்.

வைது பயனில்லை என்று அதனால்தான் சொல்கிறேன். நாமே 18 வயதில் பைக் வாங்கிக் கொடுத்து, நாமே பெட்ரோலுக்குப் பணம் கொடுத்து, பிறகு காலம் கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் உட்கார்ந்தால் எப்படி? பிள்ளைக்கு மலை மேல் ஏற ஆசை வருவது நல்ல விஷயம். செல்போனை வைத்துவிட்டு வெளியே வருகிறானே! அந்த ஆசையை அடைக்க வேண்டாம். அளவான வண்டியில் ஏற்றினால் போதும்.

பேரனிடம் சொன்ன நிபந்தனையை எல்லோருக்கும் தெரிய இங்கே எழுதிவிடுகிறேன். டர்ட் பைக்குக்கு ஒப்பு கிடையாது. மின்சார மலைச் சைக்கிள் என்றால் கடனே வேண்டாம். பாதி என் பென்ஷனிலிருந்து, பாதி அவன் சம்பாதித்துப் போட வேண்டும். முதல் மாதம் வண்டி எடுக்கும் முன் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், அன்று வந்தது நான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் சொன்னது போதாது.

இரவல் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது முகம் கடுகடு. மூன்று மணி நேரம் கழித்து வந்தான். முட்டி வரை சேறு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கிணற்றடியில் வண்டியைக் கழுவினான், தன்னைக் கழுவுவதற்கு முன்னால். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே, "மூச்சு முட்டுகு பாட்டா" என்றான். பிறகு துணியால் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, "ஆனா கொள்ளாம்" என்றான்.

கொள்ளாம் என்றால் இந்த ஊரில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாங்குகிறேன் என்று அர்த்தமில்லை. சிநேகிதர்கள் சிரிப்பார்களே என்ற யோசனை அவனுக்கு இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் வீட்டுக்கும் இன்னும் போகவில்லை. கட்டு அவிழ்த்து அவர் வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார். இடது கையில் அரை வாளிதான் தூக்குகிறார்.

கடன் காகிதங்கள் என் மேஜையில் அப்படியே இருக்கின்றன, பென்சில் பெருக்கல் குறியோடு. அவன் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆபீஸ் பாஷையில் சொன்னால் கோப்பு நிலுவையில் உள்ளது. காப்பியில் சர்க்கரையும்.